கட்டின காசைக் கேட்டு வாங்குவோம்!



எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கடனில் தவிக்கும் குடும்பத்துக்குப் போன் போட்டு, "உங்க கடனைப் பாதியாக் குறைச்சுத் தர்றோம் சார், பேங்க்ல இருந்து ஒருத்தரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, முதல்ல பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிடுங்க" என்று இனிக்க இனிக்கப் பேசும் சில கம்பெனிகளைப் பார்த்தால், அந்தப் பழமொழி சும்மா வந்ததில்லை என்று தெரியும்.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. சொன்ன வேலையைச் செய்து கூலி வாங்குகிறவர்களும் இருக்கலாம். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்டால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது. அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. பெரிய செலவும் இல்லை. ஒழுங்காக ரெக்கார்டு எழுதத் தெரிந்தால் போதும். அது நாம் வாராவாரம் கை வலிக்க வலிக்கச் செய்கிற வேலைதானே! அதனால்தான் இந்த விஷயத்தை நம் மலரில் எழுதத் துணிந்தேன்.

டிப்ளமோ முடித்து முதல் சம்பளம் வாங்கின மாதமே "லோன் வேணுமா சார்?" என்று அழைப்பு வந்துவிடுகிற காலம் இது. நம்மில் பலர் வீட்டில் ஏற்கனவே கடன் இருக்கிறது. ஆகவே இது யாருக்கோ நடக்கிற கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

1. இந்தக் கம்பெனிகள் செய்வது என்ன?

கிரெடிட் கார்டு பாக்கி, பெர்சனல் லோன் இவற்றுக்கு அடமானம் கிடையாது. கட்ட முடியாமல் போனவரிடம் வங்கி சில சமயம், "மொத்தத்தில் இவ்வளவு கட்டிவிடுங்கள், கணக்கை முடித்துக்கொள்ளலாம்" என்று ஒப்புக்கொள்ளும். இதற்கு சமரசத் தீர்வு என்று பெயர்; பேச்சு வழக்கில் செட்டில்மென்ட். கடன் தீர்க்கும் கம்பெனி இடையில் நின்று பேசித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறது. பதிவுக்கு ஒரு தொகை, மாதாமாதம் ஒரு தொகை, கடைசியில் குறைந்த தொகையில் ஒரு பங்கு என்று பலவிதமாக வாங்குவார்கள்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கடனைக் குறைக்கும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. இடையில் நிற்பவர் கேட்கலாமே ஒழியக் குறைக்க முடியாது. சமரசத் தீர்வுக்கு ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் தங்கள் நிர்வாகக் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ம் தேதி சுற்றறிக்கை விட்டது. அந்த வங்கிக்குக் கடன்காரரே நேராகக் கடிதம் எழுதிக் கேட்கலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை.

இன்னொன்றையும் இந்தக் கம்பெனிகள் அழுத்திச் சொல்வதில்லை. செட்டில்மென்ட் ஆன கடன், சிபில் போன்ற கடன் அறிக்கைகளில் முழுதாகக் கட்டி முடித்த கடனாகப் பதியாது. செட்டில் ஆனது என்றே பதியும். அடுத்து கடன் கேட்டுப் போகும்போது அது தடையாக வந்து நிற்கும். அதே 2023 சுற்றறிக்கைப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், சமரசம் செய்துகொண்டவருக்குப் புதுக்கடன் தரக் குறைந்தது 12 மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

"போன் தொல்லையை நிறுத்துகிறோம்" என்ற வாக்குறுதியையும் கொஞ்சம் யோசிப்போம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. மீறினால் வங்கிக்குப் புகார் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இதுவும் இலவசம்தான். ஆக, நமக்குச் சும்மா கிடைக்கிற உரிமையையே விலை போட்டு விற்கிறார்கள்!

2. எங்கள் வீட்டுக் கணக்கு

கோவைப் பக்கம் என் சித்தப்பா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவர் ஒருவரே முதலாளி, அவரே தொழிலாளி. 2020 லாக்டவுனில் ஆர்டர் நின்றது. இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன் என்று 2023-ல் மொத்தக் கடன் ரூ.3,80,000 ஆகிவிட்டது.

அந்த ஜூனில்தான் ஒரு கம்பெனி பேசியது. பதிவுக் கட்டணம் ரூ.8,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ரூ.1,440, ஆக ரூ.9,440. பிறகு மாதம் ரூ.4,000, வரியோடு ரூ.4,720. ஆறு மாதம் கட்டினார்: ரூ.28,320. எல்லாம் சேர்த்து ரூ.37,760. "தவணையை நிறுத்திடுங்க, அப்பத்தான் பேங்க் இறங்கி வரும்" என்றும் கம்பெனி சொல்லியிருந்தது. சித்தப்பா நிறுத்தினார்.

டிசம்பரில் கணக்குப் பார்த்தால், கம்பெனி செய்த வேலை மூன்று கடன்காரருக்கும் ஒரே வாசகத்தில் ஆளுக்கொரு மின்னஞ்சல். அதற்கு ஒரு வங்கி, "வாடிக்கையாளரே நேரில் வந்து பேசட்டும்" என்று பதில் போட்டிருந்தது. அதையும் கம்பெனி சித்தப்பாவிடம் சொல்லவில்லை. இதற்குள் வட்டியும் அபராதமுமாகக் கடன் ரூ.4,46,000 தொட்டுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "திரும்பத் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

நான் அப்போது முதலாமாண்டு. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, அவன் டெல்லியில உக்காந்திருக்கான், நாம இங்க இருக்கோம். முப்பத்தேழாயிரத்துக்கு எந்தக் கோர்ட்டு, எத்தனை நாளைக்கு நடக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடின கதைதான் மீதிக் கட்டுரை.

3. எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவில் இதே மாதிரிக் கம்பெனிகள் நிறைய. அங்கே மத்திய வர்த்தக ஆணையம் போட்ட விதி 2010 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கிறது. டெலிபோன் மூலம் ஆள் பிடிக்கும் கடன் தீர்க்கும் கம்பெனி, ஒரு கடனையாவது பேசிக் குறைத்து, கடன்காரர் அதில் ஒரு தவணையாவது கட்டும் முன் கட்டணமே வாங்கக் கூடாது. மீறி வாங்கினால், சிறு தொகை வழக்குகளுக்கென்றே அங்கே தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் ஒரு தனி நபர் 12,500 டாலர் வரை அப்படிக் கேட்கலாம். பொதுவாக அங்கே வக்கீல் வந்து வாதாடவும் கூடாது. வாதியும் பிரதிவாதியும் நேரில் நின்று பேச வேண்டியதுதான்.

நம் நாட்டில் அந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986 டிசம்பர் 24-ம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற பழைய சட்டம் போய், 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்பது அதன் பெயர். ஜனங்கள் கன்ஸ்யூமர் கோர்ட் என்பார்கள்.

ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன் இதற்கு உதவ மாட்டாரா? வங்கியும் பதிவு பெற்ற நிதி நிறுவனமும் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பவை. அவர்கள் மீதுதான் அங்கே புகார் செய்யலாம். நடுவில் நின்று பேசித் தருகிறேன் என்று மட்டும் சொல்கிற கம்பெனிக்கு அந்தக் கதவு பொருந்தாது. ஏமாற்றும் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம், அது தனி வழி. கட்டின பணம் கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஆணையம்தான் நேர்வழி.

4. போகும் முன் நான்கு கேள்விகள்

நாம் நுகர்வோரா? காசு கொடுத்து ஒரு சேவையை வாங்கியவர் நுகர்வோர். வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் சேராது. ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கு வாங்கினதை வியாபார நோக்கம் என்று ஒதுக்கக் கூடாது என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஒற்றை ஆளாக லேத் ஓட்டும் சித்தப்பாவுக்கு அது பொருந்தியது.

எந்த ஊரில் போடுவது? சித்தப்பாவின் டெல்லிக் கவலைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடம் அல்லது பிரச்சினை எழுந்த இடம் என்று பார்க்க வேண்டும். 2019 சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று சேர்த்துவிட்டது. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் வழக்கு நம் மாவட்டத்தில்தான்.

எவ்வளவு தொகை, என்ன செலவு? நாம் சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அது ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. இதில் பார்ப்பது கொடுத்த தொகையைத்தான். கேட்கிற நஷ்டஈட்டை அல்ல.

எத்தனை நாளுக்குள்? பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம். "பார்க்கறோம் சார், அடுத்த மாசம் சார்" என்று இழுக்கிறவர்களின் கணக்கே இந்த 2 வருடத்தைத் தாண்டவைப்பதாக இருக்கலாம். ஜாக்கிரதை!

5. ரெக்கார்டு நோட்டு மாதிரி ஒரு மனு

இனி நம் சப்ஜெக்டுக்கு வருவோம். லேபில் எய்ம், அப்பாரட்டஸ், ப்ரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட் என்று எழுதுகிறோம். மனுவும் அச்சு அசல் அதே வரிசைதான்.

எய்ம்: ஒரே வரியில் நமக்கு வேண்டியது என்ன? "பணம் வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டும்." இந்த வரியை விட்டு நகரக் கூடாது. ஆத்திரத்தில் மோசடி, சதி, கூட்டுக் கொள்ளை என்றெல்லாம் எழுதத் தோன்றும். ஆணையம் சுருக்கமாக விசாரிக்கும் இடம். மோசடி போன்ற சிக்கலான, இரு தரப்பும் கடுமையாக மறுக்கும் விஷயங்களை அங்கே தீர்மானிக்க முடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "சேவைக் குறைபாடு", "முறையற்ற வணிக நடைமுறை" என்ற இரண்டு சொற்கள் நமக்குப் போதும்.

அப்பாரட்டஸ்: கையில் இருக்கும் காகிதங்கள். ஒப்பந்தம், பில்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸப் உரையாடல், மின்னஞ்சல், கம்பெனியின் விளம்பரம். ஜிஎஸ்டி போட்ட பில் மிக முக்கியம். "சேவைக்காகக் கட்டணம் வாங்கினோம்" என்று அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. அந்தப் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கம்பெனியின் சட்டப் பெயர் வந்துவிடும். ஆப்பில் கவர்ச்சியாக ஒரு பெயர் இருக்கும். பதிவில் வேறு பெயர் இருக்கும். மனுவில் பதிவுப் பெயரையும் பதிவு முகவரியையும்தான் எழுத வேண்டும். போன் திரையில் உள்ள உரையாடலை அச்செடுத்துச் சேர்க்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றும் இணைத்துவிட்டால் பின்னால் தகராறு வராது.

ப்ரொசீஜர்: முதலில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ். சட்டப்படி இது கட்டாயம் இல்லை. ஆனாலும், "கேட்டோம், தரவில்லை" என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. நாமே எழுதலாம். எப்போது சேர்ந்தோம், எவ்வளவு கட்டினோம், என்ன சொன்னார்கள், என்ன நடக்கவில்லை, 15 நாளுக்குள் எவ்வளவு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். திட்டு, சாபம் எதுவும் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும், போய்ச் சேர்ந்த தேதி காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் பத்திரப்படுத்த வேண்டும். நாங்கள் 2024 மார்ச்சில் அனுப்பினோம். பதில் வரவில்லை.

டேபுலேஷன்: தேதிவாரியாக ஒரு பட்டியல். தேதி, நடந்தது, கட்டின தொகை, எந்தக் காகிதம் சாட்சி என்று நான்கு கட்டம். சித்தப்பா கேஸில் 23 வரி வந்தது. இந்தப் பட்டியலை ஒழுங்காகப் போட்டுவிட்டால் மனுவில் பாதி தானே எழுதிக்கொள்ளும். நம்பர் இல்லாத காகிதம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ரிசல்ட்: என்ன கேட்கிறோம்? கட்டின ரூ.37,760, அதற்கு 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு ரூ.25,000, வழக்குச் செலவு ரூ.5,000 என்று நாங்கள் கேட்டோம். வாய்க்கு வந்தபடி பத்து லட்சம் கேட்பதால் பயனில்லை. எதைக் கேட்டாலும் ஏன் என்று காட்ட வேண்டும்.

இவற்றோடு, எழுதியதெல்லாம் உண்மை என்று ஒரு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். நேரில் ஆணைய அலுவலகத்தில் கொடுக்கலாம். எத்தனை பிரதி என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. இணையம் வழியாகவும் போடலாம். 2020 செப்டம்பரில் வந்த இ-தாக்கில் தளத்தின் இடத்துக்கு, 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்திருக்கிறது.

6. கம்பெனி என்ன சொல்லும்?

மனு போட்டால் 21 நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று ஆணையம் முடிவு செய்ய வேண்டும். நம்மைக் கேட்காமல் தள்ளுபடி செய்யக் கூடாது. பிறகு கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள் அவகாசம் தரலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. பதிலில் என்ன வரும்? எங்களுக்கு வந்தவற்றைச் சொல்கிறேன்.

"கட்டணம் திரும்பத் தரப்படாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்." குறையுள்ள சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் 2(47) பிரிவில் இருக்கிறது. கையெழுத்து, வேலையைச் செய்தவருக்குக் காசு கொடுக்கத்தான். செய்யாதவருக்குத் தானம் செய்ய அல்ல.

"தகராறு வந்தால் டெல்லியில் நடுவர் முன்புதான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ளது." நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போகாது என்று 2018 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எது வேண்டும் என்று தேர்வு செய்வது நுகர்வோர் கையில்.

"நாங்கள் கொடுத்தது சட்ட உதவி, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது." இதுதான் கெட்டிக்கார வாதம். நாங்கள் மனு போட்டது 2024 மே மாதத் தொடக்கம். மே 14-ம் தேதி, வக்கீல்களின் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் என்ன காட்டினோம்? ஒப்பந்தம் கம்பெனியோடு, பில் கம்பெனி பெயரில், எந்த வக்கீலுக்கும் சித்தப்பா வக்காலத்து போட்டுக் கொடுக்கவில்லை, எந்தக் கோர்ட்டிலும் எந்த வக்கீலும் அவருக்காக ஆஜராகவில்லை. ஆகவே கேட்பது வக்கீல் மீது அல்ல, பேசித் தருகிறேன் என்று காசு வாங்கின கம்பெனி மீது. இதனால்தான் சொல்கிறேன், சேரும்போது வந்த ஒவ்வொரு காகிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரில் என்ன வாக்குறுதி என்பதில்தான் கேஸ் நிற்கிறது.

"முயற்சி செய்தோம், வங்கி ஒத்துக்கொள்ளவில்லை." முயற்சிக்கும் அளவு உண்டு. மூன்று மின்னஞ்சலுக்கு ரூ.37,760 என்றால் ஒரு மின்னஞ்சல் விலை ரூ.12,586 ஆகிறது! அந்தக் கணக்கையே பதில் மனுவில் எழுதினோம். வங்கி கூப்பிட்டதை மறைத்ததையும் சேர்த்து எழுதினோம்.

7. பிறகு நடந்தது

விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரமும் காகிதங்களும் கொண்டே நடக்கும். சினிமாவில் வருகிற மாதிரிக் கூண்டு, குறுக்கு விசாரணை, ஆவேச வசனம் எதுவும் இல்லை. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், "என்ன வாங்கறாங்கன்னு பில்லு இருக்குங்க, என்ன செஞ்சாங்கன்னு ஒண்ணுமே இல்லீங்க" என்று சொன்னார். அதைவிடச் சுருக்கமாக ஒரு வக்கீலும் வாதாடியிருக்க முடியாது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். எங்களுக்கு 2025 பிப்ரவரி வரை ஆனது. நடுவே கம்பெனி போன் போட்டு, "இருபதாயிரம் தர்றோம், கேஸை வாபஸ் வாங்குங்க" என்றது. வாபஸ் வாங்கின பிறகு அந்த இருபதாயிரம் வராவிட்டால் எங்கே போய்க் கேட்பது? சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "எதுவா இருந்தாலும் ஐயா முன்னாடி எழுதிக் குடுங்க" என்றார்.

இரு தரப்பும் சம்மதித்தால் ஆணையம் சமரச மையத்துக்கு அனுப்பலாம். அங்கே ரூ.32,000 என்று முடிவானது. சித்திக்குக் கேஸை நடத்தி முழுத் தொகையும் வட்டியும் வாங்க வேண்டும் என்று ஆசை. சித்தப்பாவுக்கோ ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் பட்டறைக் கூலி. நாலு வாய்தா போனாலே மிச்சமுள்ள ஐயாயிரத்துச் சொச்சம் கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார். சமரசம் ஆணையத்தின் உத்தரவாகவே பதிவானது. அதுதான் முக்கியம். உத்தரவு என்று ஆகிவிட்டால் அதை மதிக்காதவர் மீது 71-வது பிரிவில் வசூல் நடவடிக்கை எடுக்கலாம். 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது ரூ.25,000-க்குக் குறையாமல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. பணம் சொன்ன தேதிக்குள் கணக்கில் ஏறியது.

8. இதில் வராதது என்ன?

நண்பர்களே, கணக்கை முழுதாகப் பார்ப்பதுதான் நேர்மை. திரும்ப வந்தது ரூ.32,000. ஆனால் தவணை நிறுத்தின காலத்தில் கடன் ஏறியது ரூ.66,000. அந்த இடைவெளி வரவே இல்லை. நுகர்வோர் வழக்கு கம்பெனியிடம் கட்டின காசைத்தான் மீட்கும். வங்கிக் கடனைக் கரைக்காது. கேஸ் போட்டிருக்கிறோம் என்று தவணையைப் பற்றி நினைக்காமல் இருந்தால் வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

சித்தப்பா வழக்கு நடக்கும்போதே மூன்று இடத்துக்கும் தானே கடிதம் எழுதினார். வருமானம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும், இதற்கேற்பத் தவணையை மாற்றித் தாருங்கள் என்று ஒரு பக்கம்தான். ஒரு கார்டு வங்கி பேசி முடித்துக்கொண்டது. பெர்சனல் லோனுக்குத் தவணைக் காலம் நீட்டினார்கள். மூன்றாவது இன்னும் முழுத் தொகையும் கேட்கிறது. அவர் கட்டிக்கொண்டு வருகிறார். காசு வாங்கின கம்பெனி செய்யாத வேலையை ஒரு பேனாவும் மூன்று வெள்ளைத்தாளும் முக்கால்வாசி செய்துவிட்டன.

9. நாம் செய்யக்கூடியது

நம் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி யாராவது மாட்டியிருந்தால், "எழுதிக் கொடு தம்பி, படிச்சவன்தானே" என்று நம்மிடம்தான் வருவார்கள். தயங்காமல் செய்வோம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியச் சொல்லலாம். சில சமயம் வழக்குக்குப் போகாமலே அங்கேயே முடியும். வக்கீல் தேவை என்று தோன்றினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

இன்னும் சேராதவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கடனைக் குறைத்த பிறகு கூலி கேட்பவரிடம் பேசிப் பார்க்கலாம். குறைக்கும் முன்னே கூலி கேட்பவரிடம், "முதல்ல நானே பேங்குக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம்.

ஏற்கனவே கட்டியவர்களுக்கு: பில்லைத் தேடி எடுங்கள். முதல் பில்லின் தேதியைப் பாருங்கள். 2 வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ராத்திரியே டேபுலேஷனை ஆரம்பியுங்கள்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை